பதினாறு லட்சத்து ஓராவது சாரி

பதினாறு லட்சம் தடவை 'சாரி' சொன்ன ஒரு மனிதர், பதினாறு லட்சத்து ஓராவது தடவை அதைச் சொல்ல வாயெடுத்தபோது, ஒரு கூடத்தின் ஆறு மின்விசிறிகளும் நின்றுவிட்டன. கரண்டு போகவில்லை. விளக்குகள் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தன. விசிறிகள் மட்டும் வாயடைத்துப் போனவை போல நின்றன. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உலகத்திலேயே எதையும் நம்பாத ஆள் ஒருவர் அந்தக் கூடத்திலேயே இருந்தார். அவரிடம் கடைசியில் போவோம்.

பதினாறு லட்சம் என்பது வாய்க்கு வந்த எண்ணிக்கை அல்ல. தொலைதூரப் பேருந்து நிலையத்தில், தவறிப்போன பெட்டிகளுக்கான கவுண்டரில், முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவர் அவர். நாளைக்கு நூற்றெழுபது சாரி, வருஷத்துக்கு முந்நூறு நாள். பெருக்கினால் கொஞ்சம் குறையும்தான். குறைகிறதை ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்கத்தில் சொல்லி நிரப்பினார் என்று அவர் மனைவியே சாட்சி சொல்வார். சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. 'சாரி சார்' என்று மேலே எழுதிப் போட்ட கல்யாணப் பத்திரிகை, கதவு எண் இல்லாமலே அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரே வார்த்தைதான். அது அவர் வாயில் படாத பாடு பட்டது. கவுண்டர் முன்னால் முண்டுகிற கூட்டத்தைப் பார்த்துச் சொன்னால், 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க.' ஒருவர் பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் புலம்பி முடித்ததும் புருவத்தைத் தூக்கிச் சொன்னால், 'காதுல விழல, முதல்லேருந்து சொல்லுங்க.' உதட்டைப் பிதுக்கிச் சொன்னால், 'கிடையாது.' கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், 'உங்க பெட்டி உங்களைவிட நல்லா ஊர் சுத்துது, வந்தா சொல்றோம்.' மேனேஜரிடம் சொன்னால், 'தப்பு உங்களோடது, ஆனா அத நான் சொல்லப் போறதில்ல.' துக்கச் செய்திக்குத் தலை குனிந்து ஒன்று உண்டு. ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிக்கொண்டே சொன்னால், 'சாப்பாட்டு நேரம்.' 'நான் தப்புப் பண்ணிட்டேன்' என்கிற அர்த்தத்தில் மட்டும் அது வந்ததே இல்லை. அந்த வேலைக்கு அந்த வார்த்தையை அவர் கூப்பிட்டதே கிடையாது.

இதற்கெல்லாம் நம்பர் போட்டவர் பக்கத்து மேஜையில் இருந்த டைப்பிஸ்ட் அம்மா. பெட்டி தொலைத்தவர்களுக்கு அனுப்ப அலுவலகத்தில் ஒன்பது மாதிரிக் கடிதங்கள் இருந்தன. ஒன்பதும் அந்த ஒரே வார்த்தையில்தான் ஆரம்பிக்கும். சாரி சார் கவுண்டரிலிருந்து திரும்பாமலே "நாலு!" என்று கத்துவார், அம்மா நாலாம் கடிதத்தைத் தட்டி முடித்துவிடுவார். இப்படிப் பழகிப்போய், அவர் வாயால் சொல்வதற்கும் அம்மா ஒன்பது வரைக்கும் நம்பர் போட்டுவிட்டார்: தள்ளி நிற்கச் சொல்வது ஒன்று, காதில் விழாதது இரண்டு, இப்படி.

"சார், இப்ப அந்தப் பெரியவர்கிட்ட சொன்னீங்களே, அது மூணா, நாலா?"

"மூணுலதான் ஆரம்பிச்சேன்மா. அவர் மொகத்தப் பாத்ததும் நாலுக்கு மாறிட்டேன்."

"அதான பாத்தேன். நடுவுல கியர் மாத்துற சத்தம் கேட்டுச்சு."

பெட்டி தூக்குகிற லோடர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கதவோரம் நிற்பார். அவருக்குப் 'புளுகண்ணன்' என்று பெயர். வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை. யார் என்ன சொன்னாலும் "புளுகு" என்பார், அவ்வளவுதான். மழை வருகிறது என்றால்கூடக் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார்.

அந்த மூன்று பேரும் அந்த அறையை உலகத்திலேயே சிரிப்புச் சத்தம் அதிகமான தொலைந்த பெட்டி அறையாக வைத்திருந்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை நின்றது.

நடந்தது இதுதான். தொண்ணூறு நாள் யாரும் கேட்டு வராத பெட்டிகளைத் திங்கட்கிழமைதோறும் லாரியில் ஏற்றி அழிக்க அனுப்பிவிடுவார்கள். யாராவது 'வருகிறேன், வையுங்கள்' என்று சொல்லியிருந்தால், அந்தப் பெட்டியில் சிவப்பு டேக் கட்ட வேண்டும். திங்கட்கிழமை கவுண்டர்காரர் எழுந்துபோய் ஒவ்வொரு பெட்டியையும் கையால் தொட்டு, சிவப்பு இல்லை என்று பார்த்து, நம்பரைச் சொல்ல வேண்டும். டைப்பிஸ்ட் பட்டியல் அடிக்க வேண்டும். இது சட்டம். வழக்கம் வேறு. சாரி சார் நாற்காலியை விட்டு அசையாமல் பதிவேட்டைப் பார்த்தே நம்பர்களைப் பாடிவிடுவார். பதினொரு வருஷமாக அப்படித்தான். ஒருமுறைகூடத் தவறியதில்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஷட்டர் இறங்கியிருந்தது. டைப்பிஸ்ட் அம்மா பெண்கள் அறைக்குச் சாப்பிடப் போயிருந்தார். அவர் மேஜையில் இருந்த போன் அடித்தது. போன் எடுப்பது அம்மாவின் வேலை. ஆனாலும் வாயில் சோற்றோடு சாரி சாரே எடுத்தார். ஒரு கடைக்காரர் பேசினார். பக்கத்துக் கடைத் தையல்கார அம்மாவின் பெட்டி அங்கே இருக்கிறதாம். கறுப்புப் பெட்டி, கைப்பிடியில் நீலத் துணி கட்டியது. காய்ச்சலில் படுத்திருந்தார், செவ்வாய்க்கிழமை வந்துவிடுவார்.

"கட்டாயம் வெச்சிருக்கோம்" என்றார் சாரி சார்.

சிவப்பு டேக்குகள் போட்டு வைத்த டப்பா எதிர்ச் சுவரில் இருந்தது. நாலே எட்டு. சாப்பிட்டுவிட்டுக் கட்டலாம் என்று நினைத்தார். சாப்பிட்டார். கை கழுவினார். கையோடு அதையும் கழுவிவிட்டார். திங்கட்கிழமை நாற்காலியில் சாய்ந்தபடி நம்பர்களைப் பாடினார். அம்மா அடித்தார். புளுகண்ணன் ஏற்றினார். லாரி போயிற்று.

செவ்வாய்க்கிழமை தையல்கார அம்மா வந்தார். பெட்டிக்குள் இருந்தவை காக்கிக் காகிதத்தில் வெட்டி வைத்த அளவுகள். இருபது வருஷ வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் தோள், கை, கழுத்து என்று தனித்தனியாக. அவர் சத்தம் போடவில்லை. கவுண்டர் பலகையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "இனிமே எல்லாரையும் கூப்பிட்டு நிக்கவெச்சு மறுபடி அளக்கணுமே" என்றார். "வெச்சிருக்கோம்னு போன்ல சொன்னாங்களாமே?"

மேனேஜர் சாரி சாரையும் டைப்பிஸ்ட் அம்மாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். போனில் பேசியது ஆண் குரலா, பெண் குரலா என்று அந்தக் கடைக்காரரைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

"போன் யார் டேபிள்ல இருக்கு?"

"என் டேபிள்லதான் சார். ஆனா நான் எடுக்கல" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"பின்ன அதுவா எடுத்துப் பேசிக்கிச்சா?"

அம்மா திரும்பிச் சாரி சாரைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. அந்த மதியம் அறையில் இருந்தவர் அவர் ஒருவர்தான், அவருக்குத் தெரிந்திருக்கும், சொல்வார் என்று காத்திருக்கிற பார்வை. சாரி சார் வாயைத் திறந்தார்.

"சாரி சார்" என்றார் மேனேஜரிடம்.

அதற்கு மேல் வரவில்லை. தொண்டை வரைக்கும் வந்த மிச்சம், மேனேஜரின் முகத்தைப் பார்த்ததும் திரும்பி இறங்கிவிட்டது. அம்மா மிச்சத்துக்காகக் காத்திருந்தார். மேனேஜரோ, சக ஊழியருக்காக வருந்துகிறார், நல்ல மனுஷன், என்று தலையாட்டினார். மறுவாரம் அம்மாவை ஊரின் அந்தப் பக்கத்தில் சரக்கு வைக்கிற கிட்டங்கிக்கு லேபிள் ஒட்ட மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. தன் மேஜையைக் காலி செய்யும் முன்பு அம்மா கடைசியாக அடித்தது தையல்கார அம்மாவுக்கு அனுப்பிய நாலாம் கடிதம்.

நடையில் போகும்போது, "நான் எடுக்கலண்ணே, சத்தியமா" என்று புளுகண்ணனிடம் சொன்னார்.

புளுகண்ணன் பழக்க தோஷத்தில், "புளுகு" என்றார்.

அலுவலகம் முழுக்க அதுவே நின்றது. டைப்பிஸ்ட் அம்மா போனை எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்று சாதித்தவர். நல்ல மாதிரிதான், ஆனால் பொய் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். யாரும் அவரை வெறுக்கவில்லை. நம்புவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

சாரி சார் சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம். மூன்று தடவை கிளம்பினார். முதல் தடவை கிட்டங்கிக்கே போனார். லேபிள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அம்மாவின் பின்னால் போய் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சாரிம்மா..." என்றார். அம்மா திரும்பாமலே நாற்காலியை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். ஒன்றாம் நம்பர். அவரும் அந்த வழியாகவே நடந்து வெளியே போய்விட்டார். இரண்டாம் தடவை போன் போட்டார். "சாரி..." என்று இழுத்ததும், "பரவால்ல, ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார் அம்மா. மூன்றாம் தடவை அம்மாவின் கணவர் இறந்தபோது. அங்கே போய் அந்த வார்த்தையைச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா தலையசைத்து, அடுத்து நின்றவரைப் பார்த்தார்.

முப்பத்தோரு வருஷம் எல்லா வேலைக்கும் அனுப்பிய வேலைக்காரன், சொந்த வேலைக்குக் கூப்பிட்டபோது எந்த வாசலுக்குப் போனாலும் பழைய சட்டையில்தான் போய் நின்றான். அதைவிட, ஒவ்வொரு தடவையும் தப்பித்தோம் என்று அவருக்குள்ளே ஒருவன் பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பல் தேய்க்கும்போது அது ஞாபகம் வரும். கண்ணாடியைப் பார்க்காமலே வாய் கொப்பளிப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு கூத்து இன்னும் கூடியது. வருஷத்துக்கு ஒருமுறை, சைக்கிள் கடை மாடியில் இருக்கிற ஒரு கூடத்தில் பழைய ஊழியர்கள் கூடுவார்கள். டீ, பிஸ்கட், யாருக்கு என்ன ஆபரேஷன் என்கிற விசாரிப்பு. அப்புறம் சாரி சாரின் நிகழ்ச்சி. மேடைக்குக் கீழேயிருந்து ஆட்கள் நம்பரைக் கத்துவார்கள். அவர் அந்தச் சாரியைச் சொல்லிக் காட்டுவார். மைக் கிடையாது. ஆறு மின்விசிறிகளும் மேடேறுகிற லாரி மாதிரி இரையும். அதையும் மீறிச் சிரிப்பு மாடிப்படி இறங்கித் தெரு வரைக்கும் போகும். சைக்கிள் கடையில் டியூப் வெடித்தது அந்தச் சிரிப்பால்தான் என்று கடைக்காரர் புகார் செய்ததுண்டு.

பதினோரு வருஷம் இந்த நிகழ்ச்சி நடந்தது. டைப்பிஸ்ட் அம்மா ஒரு வருஷமும் வரவில்லை. பன்னிரண்டாம் வருஷம், கூட்டத்தன்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி சொன்னார்:

"என்னங்க, உங்க டைப்பிஸ்ட் அம்மா இந்தத் தடவ வர்றாங்களாம். ஏதோ சந்தேகம் கேக்கணுமாம் உங்ககிட்ட."

"சாரி?" என்றார் அவர்.

"கேட்டுச்சு உங்களுக்கு. வீட்டுல அந்த வார்த்தைய எடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

அன்று அவர் சட்டைப் பொத்தானை இரண்டு தடவை மாற்றிப் போட்டார்.

கூடத்தில் அம்மா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. முதுகு மட்டும் டைப்ரைட்டர் முன்னால் இருப்பதுபோலவே நிமிர்ந்திருந்தது. முதல் வரிசையில் பழைய மேனேஜர் பாதித் தூக்கத்தில் இருந்தார். புளுகண்ணன் வழக்கம்போலக் கதவோரம், சுவிட்ச் போர்டில் சாய்ந்தபடி. பிஸ்கட் தீர்ந்தால் முதலில் வெளியேற வசதியான இடம்.

"மூணு!" என்று ஒருவர் கத்தினார். சாரி சார் உதட்டைப் பிதுக்கினார். கூடம் அதிர்ந்தது.

"ஏழு! ஷட்டர் போடுங்க!" போட்டார். ஒருவர் நாற்காலியோடு சரிந்தார்.

ஒவ்வொரு சிரிப்புக்கும் அவர் கண் மூன்றாம் வரிசைக்குப் போய் வந்தது. அம்மாவும் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். நம்பர் போட்டவரே அவர்தானே. அதுதான் சாரி சாரின் காதுமடல் வரைக்கும் சுட்டது. இவரிடமிருந்து பறித்ததைத்தான் பதினோரு வருஷமாக மேடையில் விற்றுக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது.

அம்மா கையைத் தூக்கினார். எழுந்து நின்றார்.

"சாரி சார், எனக்கு ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கம்மா."

"பதினேழு வருஷம் முன்னாடி மேனேஜர் ரூம்ல ஒண்ணு சொன்னீங்களே, நான் போன் எடுக்கலன்னு சொன்னப்ப? அது எத்தனாம் நம்பர்? ஒம்பதையும் வெச்சுப் பாத்துட்டேன். எதுலயும் உக்கார மாட்டேங்குது. எழுபது வயசாச்சு, தெரியாமலே போயிடக் கூடாதில்ல?"

கூடம் குலுங்கிச் சிரித்தது. இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர், "சொல்லுங்க சார், பத்தா?" என்று எடுத்துக் கொடுத்தார். ஒரு நகைச்சுவை நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது; அதைச் சொல்லியிருந்தால் கைதட்டல் கீழே சைக்கிள் கடையைத் தரைமட்டமாக்கியிருக்கும். அவர் அதை விழுங்கினார். உள்ளங்கை இரண்டும் நனைந்திருந்தன. வேட்டி என்றால் துடைக்கலாம். பேன்ட் போட்டிருந்தார், அதிலும் துடைத்தார்.

"அது நம்பரே இல்லம்மா" என்றார். "அது பாதி. மீதிய நான் சொல்லல. அந்தப் போனை எடுத்தது..."

குரல் மூன்றாம் வரிசை வரைக்கும் வரவில்லை. விசிறிச் சத்தம் அதை வழியிலேயே அள்ளிக்கொண்டு போயிற்று.

அம்மா காதருகே கையை வைத்தார். "என்ன? கேக்கல."

"ரெண்டு! ரெண்டாம் நம்பர்!" என்று கூடம் குதூகலமாகக் கத்தியது.

அப்போதுதான் விசிறிகள் நின்றன. ஆறும் சேர்ந்து. இரைச்சல் இளைத்து, இளைத்து, கடைசி இறக்கை ஒரு சின்ன முனகலோடு நிற்கிற வரைக்கும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு அப்படி ஓர் அமைதி. மேனேஜரின் கைக்கடிகாரம் நடப்பது பின்வரிசைக்குக் கேட்டது. அந்த அமைதியில் சாரி சார் தப்பித்துப்போக ஒரு சந்துகூட இல்லை.

"அன்னைக்கு மத்தியானம் போனை எடுத்தது நான்" என்றார். "வெச்சிருக்கோம்னு சொன்னது நான். சிவப்பு டேக் கட்டாததும் நான். நாலே எட்டு, எழுந்து போகல. நீங்க சொன்னது நெசம். எனக்குத் தெரியும். தெரிஞ்சே வாய மூடிக்கிட்டேன். இத்தன வருஷமா மூடிக்கிட்டே இருந்துட்டு, இங்க வந்து வேடிக்க காட்டிக்கிட்டிருந்தேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கினார். வேறு வார்த்தை ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். கிடைக்கவில்லை.

"சாரி" என்றார்.

புருவம் உயரவில்லை, உதடு பிதுங்கவில்லை, தலை சாயவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக வீட்டை விட்டு வெளியே வந்த வார்த்தை மாதிரி அது மேடையில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் விழித்துக்கொண்டு, "என்ன, யாரோட பெட்டி?" என்று கேட்டார்.

டைப்பிஸ்ட் அம்மா வரிசையிலிருந்து வெளியே வந்து மேடைக்கு அருகில் நின்றார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கச் சாரி சாருக்குத் தைரியமில்லை, செருப்பைப் பார்த்தார்.

"இது லிஸ்ட்ல இல்ல" என்றார் அம்மா.

"இல்லம்மா."

"நான் இத ஒரு தடவகூட டைப் அடிச்சதில்ல."

"நான் சொன்னாத்தானம்மா அடிப்பீங்க."

அம்மா கைப்பையைத் திறந்து கூட்டத்தின் அழைப்பிதழை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு நீட்டினார். "வாயால சொல்றது காத்தோட போயிடும். எழுதிக் குடுங்க. போனை எடுத்தது யாருன்னு மட்டும் எழுதினாப் போதும். மத்ததெல்லாம் வேணாம்."

அவர் மேடையின் ஓரத்தில் முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினார். எழுத்து பேருந்தில் எழுதியது போலக் குலுங்கியது. கையெழுத்துப் போட்டார்.

"தேதி?"

"இன்னைக்குத் தேதியாம்மா?"

"அன்னைக்குத் தேதி போடுங்க. எனக்கு அன்னைக்குத்தான் இது வேண்டியிருந்துச்சு."

அவர் யாரையும் கேட்கவில்லை, விரல் விட்டு எண்ணவுமில்லை. பதினேழு வருஷத்துக்கு முந்திய அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியை எழுதினார். அம்மா அதை இரண்டு தடவை படித்துப் பார்த்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து, பையை மூடினார். அந்த 'டப்' என்ற சத்தம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப மன்னிச்சிட்டீங்களாம்மா?" என்று யாரோ ஆர்வக்கோளாறில் கேட்டுவிட்டார்.

"அது தனி லெட்டர்" என்றார் அம்மா. "இன்னும் அடிக்க ஆரம்பிக்கல."

சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். ஆனால் கிளம்பிப் போகவில்லை. டீ வந்தபோது தட்டிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்தார். ஒன்றைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். அந்த நாற்காலி காலியாக இருந்தது. சாரி சார் வெகுநேரம் அதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஏடு படிந்த பிறகுதான், அது தனக்காக இருக்கலாம் என்று அருகில் போக அவருக்குக் கால் வந்தது. போய் உட்கார்ந்தார். ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.

அடுத்த வருஷக் கூட்டத்தில் நிகழ்ச்சி இல்லை. அதற்குப் பதில் இந்தக் கதைதான் ஓடியது. முந்தைய வருஷம் வராதவர்கள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். போன், டேக், மேனேஜர் விழித்தது, எல்லாம். மின்விசிறி நின்றதை மட்டும் ஏற்கவில்லை.

"கரண்டு இருக்கும்போது ஃபேன் நின்னுச்சாம்! அதுவும் ஆறும் சேந்து! சரியான கத விடறீங்க. எங்க, புளுகண்ணன கேளுங்க. அண்ணே, சொல்லுங்க, இது என்ன?"

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். புளுகண்ணன் கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றார். எதிரே டைப்பிஸ்ட் அம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். புளுகண்ணன் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"நின்னுச்சு. ஆறும் நின்னுச்சு."

"அதெப்படிண்ணே தானா நிக்கும்?"

"தானா எங்கய்யா நிக்கும்? நான்தான் சுவிட்ச அணைச்சேன்." முதுகுக்குப் பின்னால் இருந்த போர்டைக் கட்டைவிரலால் காட்டினார். "அந்தம்மா அன்னைக்கு நெசத்தச் சொன்னப்ப புளுகுன்னு சொன்னவன் நான். இந்தத் தடவையாவது சரியா காதுல விழணும்ல."